பழைய இலங்கைச் சதக்காசுகளை வீட்டில் போனில் படமெடுப்பது: எழுத்துத் தெரியவே மாட்டேன் என்கிறது

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். போன மாதம் அப்பப்பாவின் அலுமாரியை ஒதுக்கும்போது துருப்பிடித்த பிஸ்கட் ரின் ஒன்று கிடைத்தது, உள்ளே 60க்குக் கிட்டக் காசு. விக்டோரியா தலை போட்ட செம்புக்காசு கொஞ்சம் (மற்றப் பக்கம் பனைமாதிரி ஒரு மரம்), நாலு மூலையும் உருண்ட சதுர 5 சதம், ஓரம் பூப்போல நெளிந்த 1944ஆம் ஆண்டு 2 சதம், 1957 புத்த ஜயந்தி 5 ரூபாய் வெள்ளி ஒன்று, அதோடு நன்றாகத் தேய்ந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துச் செம்புக்காசு இரண்டு. விற்கிற எண்ணம் இல்லை. கனடாவில் இருக்கும் பெரியப்பா, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பு, என்ன ஏது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம் என்றார். லேசான வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

இன்றைக்கு நாலாம் நாள். செம்புக்காசை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால் கரித்துண்டு மாதிரி வருகிறது, வெள்ளியைக் கறுப்புத் துணியில் வைத்தால் நடுவில் ஒரே வெள்ளைப் பொட்டு, வேறொன்றும் இல்லை. கிட்டக் கொண்டு போனால் மங்குகிறது, போனின் நிழலும் காசின் மேலேயே விழுகிறது, பிளாஷ் போட்டால் ராணியின் மூக்கும் கன்னமும் மட்டும் மின்னுகின்றன. போதாததற்குக் காசெல்லாம் முட்டை வடிவம். "தம்பி, இது காசா, ரின்னில் இருந்த பிஸ்கட்டா" என்று பெரியப்பா வொய்ஸ் அனுப்பியிருக்கிறார்.

என்னிடம் இருப்பது 4 வருடப் பழைய அன்ட்ரோய்ட் போன். கமரா வாங்க வசதி இல்லை. ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தேன், ஒரு படத்துக்கு இவ்வளவு என்றார்கள், 60ஐ 2ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன். வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்யலாமா? அம்மா வேறு, புளி போட்டு மினுக்கித் தரட்டா என்று காலையில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறா.

பழஞ்சதம் (கல்முனை)

முதலில் அம்மாவின் கையில் இருக்கும் புளியை வாங்கிக் குசினியில் வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு 1893 வெள்ளி 50 சதம் இருந்தது, விக்டோரியா காலத்தது, வெள்ளிக்கே உரிய மங்கல் சாம்பல் நிறத்தோடு வடிவாக இருந்தது. ஒரு தீபாவளிக்கு முதல்நாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டா. பளபளவென்றுதான் இருந்தது. நான் லைட்டைச் சரித்துப் பிடித்துப் படமெடுத்தபோதுதான் தெரிந்தது, ராணியின் முகம் முழுக்க ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டிய முற்றம் மாதிரிக் கோடு கோடாக. கண்ணால் பார்த்தால் தெரியாத கீறல் படத்தில் முதல் ஆளாக வந்து நிற்கும். செம்புக்குப் புளி இன்னும் மோசம். நூறு வருடமாகப் படிந்த மண்ணிறத் தோலை உரித்துவிட்டு, பச்சைப் புண் மாதிரி ஒரு இளஞ்சிவப்பை விட்டுவிட்டுப் போகும், அது திரும்பி வராது. தூசு இருந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும், பிள்ளைகளுக்கு மூக்குச்சளி எடுக்கும் ரப்பர் பம்ப் இருந்தால் அதால் ஊதலாம். பிடிப்பது விளிம்பில் மட்டும். கீழே நாலாக மடித்த சாரம் (லுங்கி) ஒன்றைப் போடுங்கள், கை தவறினாலும் காசு தப்பும்.

சரி, படம். போனைக் கையில் பிடித்து எடுக்கும் வரைக்கும் ஒன்றும் சரிவராது. மேசையில் சம உயரத்தில் இரண்டு புத்தக அடுக்கு, பழைய பாடப்புத்தகம் போதும், நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் மேல் அடிமட்டம் இரண்டைப் பாலம் மாதிரிப் போட்டு, போனை அதில் படுக்க வைத்தால் லென்ஸ் நேரே கீழே பார்க்கும். உயரம் எவ்வளவு என்றால், உங்கள் போன் தெளிவாகக் காட்டக்கூடிய ஆகக் கிட்டிய தூரம் எதுவோ அதைவிட ஒரு விரல் கூட. பல போன்களுக்கு 10 செ.மீ. சுற்றி வரும், நான் 12இல் வைக்கிறேன். காசு திரையை நிரப்பவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். மலிவு போன்களில் மெக்ரோ என்று 2 மெகாபிக்சலில் தனி லென்ஸ் ஒன்று வைத்திருப்பார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். பிரதான லென்ஸ்தான்.

முட்டை வடிவத்துக்கு மருந்து: அம்மாவின் பவுடர் கண்ணாடி. காசு வைக்கப்போகும் இடத்தில் அந்தக் கண்ணாடியை மல்லாக்க வையுங்கள். திரையில் போனின் சொந்த லென்ஸ் தெரியும். அது திரையின் நட்டநடுவில் வரும்வரை, போனின் எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மூலைக்கடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகுங்கள். லென்ஸ் தன்னைத் தானே நேருக்கு நேர் பார்த்தால் போனும் மேசையும் சமாந்தரம் என்று அர்த்தம். கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் காசு. காசு மெல்லியது என்பதால் பெரிய வித்தியாசம் வராது. ரைமரை 3 செக்கனில் போட்டு அழுத்திவிட்டுக் கையை எடுங்கள்.

இனி லைட், இதுதான் முழு விளையாட்டும். பிளாஷை மறந்துவிடுங்கள், அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து அடிப்பதால் எழுத்துக்கு நிழலே விழாது, நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் இல்லை. ஒரேயொரு மேசை விளக்கு எடுங்கள், அறை லைட்டை அணைத்துவிடுங்கள். காசை மணிக்கூடு என்று நினைத்தால் ராணியின் தலை உச்சி 12 மணி, விளக்கு 10 மணிப் பக்கம். காசைப் பார்க்காதீர்கள், போன் திரையைப் பார்த்துக்கொண்டு விளக்கை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி 9க்கும் 1க்கும் நடுவில் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் எழுத்து தானாக எழும்பி நிற்கும், அங்கே நிறுத்துங்கள். கீழ்ப்பக்கம், அதாவது 6 மணிப் பக்கம் விளக்கை வைத்தால் ஒரு கூத்து நடக்கும்: ராணியின் முகம் வெளியே புடைக்காமல் உள்ளே குழிந்த மாதிரித் தெரியும். வெளிச்சம் மேலே இருந்துதான் வரும் என்று நம் கண் பழகியிருப்பதால் வரும் ஏமாற்று அது.

சல்லிப்பை (அக்கரைப்பற்று)

பழஞ்சதம் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் விளக்கே தேவையில்லை என்பது என் கட்சி. தம்பி, நீங்கள் இருப்பது கல்லடியில். காலையில் கடல் பக்கத்தால் வெயில் ஏறும், வீட்டு மேற்குப் பக்க விறாந்தையில் 8 மணிக்கு நேர் வெயில் இருக்காது, வானத்து வெளிச்சம் மட்டும் ஒரு பக்கத்தால் வரும். அதைவிட நல்ல விளக்கு எந்தக் கடையிலும் இல்லை. மாரியில் மேகம் கட்டி, மழை இன்னும் விழாத பின்னேரம் இருக்கிறதே, வெள்ளிக்காசை அன்றைக்கு எடுத்துப் பாருங்கள். வெள்ளி கண்ணாடி மாதிரி, தனக்கு முன்னால் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். சின்ன பல்பைக் காட்டினால் சின்ன வெள்ளைப் பொட்டு, பெரிய வானத்தைக் காட்டினால் முகம் முழுக்க ஒரே மாதிரி மினுக்கம். நான் ஒரு தடவை வெள்ளைப் பெனியனோடு குனிந்து எடுத்து, காசுக்குள் என் தொந்தி தெரிந்தது, அது வேற கதை.

மத்தியான வெயிலில் மட்டும் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, ஸ்கேனரில் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் ஒரு கொமினிகேஷன் கடையில் 30 சல்லியை வரிசையாக அடுக்கி ஸ்கேன் பண்ணினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வந்தது படம் இல்லை, மையத்து (பிணம்). இப்போதைய மெல்லிய ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொருளைத்தான் தெளிவாகக் காட்டும். காசின் விளிம்பு உயர்ந்து கண்ணாடியைத் தொடும், ஆனால் நடுவில் இருக்கும் எழுத்து ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், அது மங்கிவிடும். வெளிச்சமும் அது அடிக்கும் பக்கத்தால்தான், நாம் திருப்ப ஏலாது.

புதிதாக வந்தவர்23

என்னிடமும் ஒரு பழைய காசு உண்டு, வயல் உழும்போது வந்தது, ஒரு பக்கம் ஆள் நிற்கிற மாதிரி, மற்றப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரி. எவ்வளவு போகும்?

பழஞ்சதம் (கல்முனை)

@புதிதாக வந்தவர்23 நிற்கிற ஆள், இருக்கிற ஆள் என்றால் பொலன்னறுவை அரசர் காலத்து மாசா என்ற காசு மாதிரி இருக்கிறது, பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நிலத்தில் இருந்து எடுத்தது என்றால் விலை பேசும் விஷயம் இல்லை, 1940ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, திணைக்களத்துக்குத்தான் சொல்ல வேண்டும். கழுவ வேண்டாம், எந்த வயல், எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள். இந்தத் திரியைக் குழப்பாமல் தனியாகக் கேளுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

பவுடர் கண்ணாடி வேலை செய்கிறது! மூன்று பஸ் டிக்கெட் போனது, காசு வட்டமாகிவிட்டது. விறாந்தையிலும் எடுத்தேன், மேசை விளக்கிலும் எடுத்தேன். செம்புக்கு விளக்குத்தான் நல்லது போல இருக்கிறது, சல்லிப்பை நானா கோபிக்க வேண்டாம்.

ஆனால் புதிதாக இரண்டு கரைச்சல். ஒன்று, விளக்கில் எடுக்கும்போது திரையில் கறுப்புக் கோடு கோடாக ஓடுகிறது, சில படத்தில் அந்தக் கோடு அப்படியே விழுந்திருக்கிறது. இரண்டாவது, நிறம். செம்புக்காசு ஒரு படத்தில் தேன் நிறம், அடுத்ததில் கத்தரிக்காய் நிறம். எது உண்மை என்று எனக்கே இப்போது குழப்பமாகிவிட்டது.

ஒளிப்பெட்டி (திருக்கோவில்)

கலியாணவீட்டுக் கமராக்காரன் பேசுகிறேன், காசு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, லைட் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

கோடு ஓடுவது பல்பின் குற்றம். நம் கரண்ட் 50 ஹேட்ஸ், மலிவான எல்.ஈ.டி. பல்ப் அதற்கேற்ப ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். போன் கமராவில் எல்லாவற்றையும் நாமே கையால் மாற்றும் புரோ மோட் இருந்தால் சட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 1/100 அல்லது 1/50 செக்கனில் வையுங்கள், கோடு போய்விடும். ஐ.எஸ்.ஓ.வை (கமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 100க்கு இறக்குங்கள், போன்தான் அசையாமல் படுத்திருக்கிறதே, வெளிச்சம் குறைந்தால் விளக்கைக் கிட்டக் கொண்டு வாருங்கள். புரோ மோட் இல்லாத போன் என்றால் வேறு பல்ப் மாற்றிப் பாருங்கள், எல்லா எல்.ஈ.டி.யும் இப்படித் துடிப்பதில்லை.

நிறம் மாறுவதற்குக் காரணம் இரண்டு விதமான வெளிச்சம் கலப்பது. யன்னலால் வருவது நீலம் கலந்தது, மஞ்சள் பல்ப் மஞ்சள், போன் இரண்டுக்கும் நடுவில் நின்று முழிக்கும். யன்னலை மூடு, இல்லாவிட்டால் பல்பை அணை. ஒன்றுதான். முதலில் காசு இல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை வைட் பலன்ஸைச் சரிசெய்து பூட்டிவிட்டு 60 காசையும் ஒரே இருப்பில் எடுத்து முடியுங்கள். பக்கத்தில் பச்சைச் சுவர், சிவப்புத் திரைச்சீலை இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் சாயம் காசில் விழும்.

அப்புறம் நீங்கள் முதலில் சொன்ன கரித்துண்டும் வெள்ளைப் பொட்டும். அதற்குக் காரணம் துணி. வெள்ளைத் துணியைப் பார்த்தவுடன் போன் "அடேயப்பா, வெளிச்சம் கூடிப்போச்சு" என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும், கறுப்புத் துணியைப் பார்த்தால் எல்லாவற்றையும் வெளிறவைக்கும். சாம்பல் நிறக் கடதாசி மட்டை ஒன்று போடுங்கள், பிஸ்கட் பெட்டியின் உட்பக்கம் கூடப் போதும். காசைத் திரையில் தொட்டுப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெளிறிப்போன இடத்தை எந்த எடிட்டிங்காலும் திருப்பி எடுக்க முடியாது, கொஞ்சம் இருட்டாக இருந்தால் பிறகு தூக்கலாம்.

கடைசியாக ஒரு சின்ன வித்தை. காசை மட்டையில் நேரே வைக்காமல் சோடா மூடி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள், மூடி காசைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், செம்புக்காசு அதைவிடச் சின்னது என்றால் அழிறப்பரை வெட்டி வையுங்கள். காசு அந்தரத்தில் நிற்கும், நிழல் தூரப்போய் விழும், மட்டையின் தூசும் நாரும் மங்கிவிடும். (மூடியால் காசு உயர்ந்துவிட்டது, ஃபோகஸைத் திரும்பத் தொட்டுச் சரிபாருங்கள்.)

கொப்பிக்காரி (மட்டக்களப்பு)

எல்லோரும் வெளிச்சத்திலேயே நிற்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு ஒரு கண்காட்சிக்காக 200 காசு பதிவு செய்தவள், படம் நன்றாக வந்த பிறகுதான் உண்மையான தலையிடி தொடங்கியது. 400 படம் எடுத்து முடித்து, எந்த முன்பக்கம் எந்தப் பின்பக்கத்தோடு போகும் என்று தெரியாமல் இரண்டு இரவு இருந்தோம். ஆறு விக்டோரியா ஒரு சதம் இருந்தால் ஆறு ராணியும் ஒரே ராணிதானே.

ஆகவே தம்பி, முதல் படத்துக்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் 1 என்று எழுதிப் படமெடுங்கள், பிறகு முதலாம் காசின் முன், பின். பிறகு 2 என்று எழுதிய தாள். வரிசை தானாக வந்துவிடும். ஒவ்வொரு காசையும் ஒரு தடவையாவது அடிமட்டத்தோடு சேர்த்து எடுங்கள், பெரியப்பாவுக்குத் திரையில் 5 ரூபாயும் கால் சதமும் ஒரே அளவாகத்தான் தெரியும். நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் நிறையும் பார்த்து எழுதுங்கள், 1957 வெள்ளி 5 ரூபாய் என்றால் 28 கிராமுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும், நிறை கூடக் குறைய இருந்தால் சந்தேகப்படலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள்!! இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அது நசுக்கித்தான் அனுப்பும். ஆவணம் என்ற தெரிவில் போய் அதே கோப்பை அனுப்புங்கள், முழு அளவில் போகும். பெரியப்பாவின் பாதி முறைப்பாட்டுக்குக் காரணம் இதுவாகக் கூட இருக்கலாம்.

எடுத்து முடிந்ததும் திரும்ப அந்த ரின்னுக்குள் போட வேண்டாம். மெதுமெதுப்பாக, புதுச் செருப்பு வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் பை விற்கிறார்கள், அதுவும் வேண்டாம், அதில் பீ.வி.சி. இருக்கும், காலப்போக்கில் செம்பின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், கல்லடிக் காற்றில் உப்பு இருக்கிறது, சும்மாவே செம்பில் களிம்பு ஏறும். தனித்தனிக் கடதாசி உறை, ஒரு இறுக்கமான டப்பா, மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து, அவ்வளவுதான்.

படம் தேறியதா என்று பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. விக்டோரியா சதத்தில் அந்த மரத்துக்கு இரண்டு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் பொடி எழுத்து இருக்கும். தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக் கூடியதாக இருந்தால் படம் சரி.

வாவிக்கரை (கல்லடி)

டீச்சர், நீங்கள் சொன்னது நூறு வீதம் உண்மை, நான் ஏற்கெனவே 14 படத்தைக் கலந்துவிட்டேன், திரும்ப எடுக்கிறேன். ஆவணமாக அனுப்பியவுடன் பெரியப்பா "இப்ப விளங்குது" என்று ஒரு வரி போட்டார், அவரிடம் இருந்து அதுவே பெரிய பாராட்டு.

சோடா மூடி பிரமாதம். சதுர 5 சதம் எட்வேட் மன்னர் தலையோடு 1910 என்று துல்லியமாக வந்திருக்கிறது, மூலையில் யாரோ பல்லால் கடித்துப் பார்த்த மாதிரி ஒரு தழும்பு கூடத் தெரிகிறது.

மிச்சம் இரண்டு. 5 ரூபாய் வெள்ளி இன்னும் மேகம் மாதிரிப் பூசிக்கொண்டே வருகிறது, விறாந்தையில் மினுக்கம் வருகிறது ஆனால் எழுத்து வெளிக்கவில்லை. மற்றது ஒல்லாந்தர் காசு. தேய்ந்து தேய்ந்து வழுக்கலாக இருக்கிறது, ஒரு பக்கம் வி.ஓ.சி. கூட்டெழுத்து அரைகுறையாக, மற்றப் பக்கம் ஏதோ கேடயம் மாதிரி. ஆண்டு ஒன்றுமே தெரியவில்லை.

ஒளிப்பெட்டி (திருக்கோவில்)

வெள்ளிக்கு ஒரு வழி. பழைய போட்டோ பிரேமில் இருந்து ஒரு கண்ணாடித் துண்டு எடுங்கள், விளிம்புக்கு ரேப் ஒட்டுங்கள், கை வெட்டும். போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, லென்ஸுக்கும் காசுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடியை 45 பாகை சரிவில் நிறுத்துங்கள், இரண்டு தீப்பெட்டியும் கொஞ்சம் களிமண்ணும் இருந்தால் நிற்கும். விளக்கை இப்போது மேலே வைக்காமல் மேசை மட்டத்தில் வலப்பக்கம் வைத்து, கண்ணாடியின் கீழ்முகத்தில் படுகிற மாதிரி நேராக அடிக்க வேண்டும். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கீழே காசில் இறங்கி, காசில் பட்டு நேரே மேலே, கண்ணாடியை ஊடுருவி லென்ஸுக்குள் வரும். விளக்கின் வெளிச்சம் காசில் நேரே விழக்கூடாது, நடுவில் ஒரு மட்டையால் மறையுங்கள். இடப்பக்கம் ஒரு கறுப்புக் கடதாசி, இல்லாவிட்டால் அந்தப் பக்கச் சுவர் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் ஆவி மாதிரி மிதக்கும்.

கண்ணாடி பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பும் என்பதால் படம் இருட்டாக இருக்கும், சட்டரை நீட்டுங்கள், போன்தான் அசையாதே. தட்டையான இடமெல்லாம் பளீரென்று வெளிக்கும், எழுத்தின் சரிவுகள் கறுப்புக் கோடாக விழும்.

சல்லிப்பை (அக்கரைப்பற்று)

வி.ஓ.சி. என்றதும் எங்கள் வீட்டுப் பொடியன் ஒருத்தன் "கப்பலோட்டிய தமிழன் காசா" என்று கேட்டான். கப்பல் ஓட்டியவர்கள்தான், ஆனால் இது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள், 1795இல் இங்கிலீஷ்காரன் வந்ததோடு போனார்கள், அந்தக் காசு நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. டொயிட் என்பார்கள், 21, 22 மில்லிமீற்றர் இருக்கும்.

தம்பி, கேடயத்தைக் கவனமாகப் பாருங்கள், ஒல்லாந்தரின் நாட்டில் எந்த மாகாணம் அடித்தது என்று அதில் தெரியும். ஒரு சிங்கம் தனியாக எழும்பி நின்றால் ஹொலண்ட். கேடயத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் சிங்கம் தாங்கி நின்றால் உட்ரெக்ட். பாதிச் சிங்கம் தண்ணீரில் இருந்து எழும்புகிற மாதிரி, கீழே அலை அலையாகக் கோடு என்றால் சீலண்ட்.

இதற்கு என் விறாந்தை வேலை செய்யாது, ஒத்துக்கொள்கிறேன். அறையை இருட்டாக்கி, போன் ரோச்சையோ சின்ன ரோச் லைட்டையோ மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து அடியுங்கள், வெளிச்சம் காசின் மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். பின்னேரம் கடற்கரை மணலில் நம் காலடித் தடமெல்லாம் எவ்வளவு ஆழமாகத் தெரியும், மத்தியானம் அதே மணல் வெறும் தட்டையாகத்தானே இருக்கும், அந்தக் கணக்குத்தான். ஒரு இருப்பில் எல்லாம் வராது. காசை அசைக்காமல் ரோச்சை ஒவ்வொரு மணியாகச் சுற்றி 12 படம் எடுங்கள், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

நானா!

நேற்று இரவு 9 மணிக்குக் கரண்ட் போனது, வீடு முழுக்கத் தானாகவே இருட்டு. போன் அடிமட்டத்தில் படுத்திருந்தது, அம்மாவின் ரோச்சை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் கொப்பி ஒன்றின் மேல் வைத்தேன். 10 மணியில் ஒன்றுமில்லை, 11இல் கேடயத்தின் கோடு, 12இல் கிரீடம் மாதிரி ஏதோ. 2 மணிக்குத் திருப்பியபோது சிங்கத்தின் தலை வந்தது, முன்னங்கால் இரண்டும் வந்தது, இடுப்புக்குக் கீழே உடம்பைக் காணவில்லை. 3 மணிக்கு இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன், அந்த இடுப்புக்குக் கீழே மெல்லிசாக மூன்று நாலு நெளிகோடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இது நம்மட வாவி மாதிரியெல்லோ" என்றா. புளிக்கதை அதோடு நின்றுவிட்டது.

கண்ணாடித் துண்டு வித்தையும் செய்தேன், 5 ரூபாய் வெள்ளி கறுப்பு மையால் கீறிய மாதிரி வந்திருக்கிறது, பெரியப்பா அதைத் தன் போன் முகப்பில் போட்டுவிட்டார்.

இனி ஒல்லாந்தர் காசின் மற்றப் பக்கம். கூட்டெழுத்துக்குக் கீழே 17 தெளிவாக இருக்கிறது, கடைசி எண் 6 என்று நினைக்கிறேன். மூன்றாவது எண் 1 மணி வெளிச்சத்தில் 3 மாதிரி, 10 மணியில் 8 மாதிரி. அம்மா 3 என்கிறா, பெரியப்பா 8 என்கிறார். இடப்பக்க வளைவு தேய்ந்து போய்விட்டதா, முதலே இல்லையா என்றுதான் விளங்கவில்லை.

பழஞ்சதம் (கல்முனை)

வளைவு இடப்பக்கம் என்றால் வெளிச்சம் அதற்குக் குறுக்காக விழ வேண்டும், 9 மணியிலும் 3 மணியிலும் ஒவ்வொன்று எடுங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் 6, 7 மணிப் பக்கம் வையுங்கள். எழுத்து குழியாகத் தெரியும் என்று முதலில் நான்தான் பயமுறுத்தினேன், ஆனால் ஆண்டு வாசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. நாலு படத்தையும் இங்கே ஆவணமாகப் போடுங்கள்.

கொப்பிக்காரி (மட்டக்களப்பு)

எண் தாள் வைத்து எடுங்கள் தம்பி.